குடுவைக்குள் இருந்த தாய்மாமன்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்து ஊரே வயிறு நிறைந்து வேப்பமர நிழலில் சாய்ந்திருந்த மத்தியான வேளையில், ஆராய்ச்சி நிலையத்துத் தொட்டியிலிருந்து வெளியேறிய மீன் எங்கள் தெருவழியாக வழுக்கிக்கொண்டே வந்து, முதலில் எதிர்ப்பட்ட சைக்கிள் கடை ரெங்கநாதனின் காலைத் தன் மீசையால் தடவிப் பார்த்துவிட்டு, "நீ யாரு வூட்டுப் புள்ளப்பா?" என்று கேட்டது.

ரெங்கநாதன் மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டு, "கீழத்தெரு கோவிந்தசாமி மவன்" என்றான். கோவிந்தசாமி யார் மகன் என்று மீன் கேட்டது. பக்கிரிசாமி மகன் என்றான். பக்கிரிசாமி யார் மகன் என்று கேட்டதற்கு அவன் தலையைச் சொறிந்தான். அதற்கு மேல் மீனே எடுத்துக்கொண்டது. பக்கிரிசாமியின் அப்பன், அவனுக்கு அப்பன், கட்டுமரம் கட்டத் தெரிந்தவன், கட்டுமரம் கட்டத் தெரியாதவன், நெருப்பைக் கண்டு ஓடியவன், மரத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவன், வால் வைத்திருந்தவன், நாலு காலில் நடந்தவன், சேற்றில் ஊர்ந்தவன், செதில் முளைத்தவன், தாடை முளைத்ததும் தலைகால் தெரியாமல் ஆடியவன் என்று ஒவ்வொருவனாக, அவனவன் குணத்தோடும் கெட்ட பழக்கத்தோடும் சொல்லிக்கொண்டே போய், வெயில் சாய்ந்து கூழ்ப்பானைகளைக் கழுவிக் கவிழ்த்த நேரத்தில், "அவன் எம் புள்ள. அப்ப நீ நம்ம பய" என்று முடித்தது.

யாரும் அவசரப்பட்டு ஆச்சரியப்படவில்லை. ஆலாத்துறை கடலோர ஊர். கடலிலிருந்து எதெதுவோ கரைக்கு வந்து நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒருமுறை ஒரு முழு பிரிட்ஜ் வந்து ஒதுங்கியது, உள்ளே வெண்ணெய் கெடாமல் இருந்தது. மீன் பேசியதைவிட, வந்ததும் வராததுமாக அது வம்சம் விசாரித்த முறைதான் எல்லாருக்கும் பிடித்துப்போனது. இந்தக் காலத்தில் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவன் இணைய சிக்னல் இருக்கிறதா என்று கேட்கிறானே தவிர, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று யார் கேட்கிறான்?

அந்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்ததே நான்தான். என் பெயர் அஞ்சப்பன், மேலத்தெரு, ஒரு விசைப்படகுக்குச் சொந்தக்காரன். முன்கோபி என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். ஆழக்கடலில் போட்ட வலையில் கழிசல் மீன்களோடு கழிசலாக அது வந்தது. கை நீளம், விலாங்கு மாதிரி உடம்பு, ஆனால் கண் இல்லை, தாடை இல்லை, செதில் இல்லை, வாய் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. தொட்டால் கோழை கோழையாகச் சுரந்து ஒரு வாளித் தண்ணீரைக் கஞ்சியாக்கிவிடும். அப்புறம் அந்தக் கோழை தனக்கே பிடிக்காமல் தன் உடம்பை முடிச்சுப் போட்டு, முடிச்சைத் தலைவரை உருவி, அதை வழித்துப் போடும். இதைத் தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது என்று மீன் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன்.

மீன் ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்வது ஊர்க்கோடியில் இருக்கும் கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்தை. அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் மீன்களுக்கு டியூப் மாட்டிக் காற்று கொடுப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. அங்கே இருந்த டாக்டர் செங்கமலம் நாமக்கல்காரர். வேலை கிடைத்து இங்கே வந்த அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாராம். வயிற்றுவலி, சளி, மூட்டுவலி என்று எங்கள் பெண்கள் அவரிடம் போய் நிற்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க, நான் மீனுக்குக்கூட டாக்டர் இல்லீங்க" என்று அவர் கும்பிட்டுச் சொல்வார். அவருடைய உண்மையான ஆராய்ச்சி மீனைப் பற்றியதுகூட இல்லை, மீனின் கோழைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடல் கிருமிகளைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்து வைத்திருந்தார். கொஞ்சமாக இருக்கும்போது கம்மென்று இருட்டாகக் கிடக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் நீலமாக ஒளிரும்.

ஒருமுறை சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு அவர் எங்களுக்கு விளக்கினார். முதுகெலும்புள்ள உயிர்களெல்லாம் தோன்றுவதற்கு ஆரம்பமாக இருந்த பழைய காலத்து மீன் இது, ஒரு வகையில் நம்மெல்லாருக்கும் பாட்டன் என்றார். டீயும் மிக்சரும் கொடுத்துக்கொண்டிருந்ததால் யாரும் அதை அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீனே நேரில் வந்து சொன்ன பிறகுதான் ஊர் நம்பியது.

பாட்டன் வந்துவிட்டார் என்றால் உட்கார வைக்க வேண்டாமா? நாட்டார் சிங்காரவேலு, அதாவது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர், தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவரச் சொல்லி, அதன்மேல் ஈரக் கோணியை விரித்து, பாட்டனை அதில் ஏற்றிவைத்து, வேளைக்கொரு வீடு கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று முறை வைத்தார். கோயிலில் முதல் மரியாதை பாட்டனுக்கு என்று ஆயிற்று. விருந்துகளில் முதல் இலை பாட்டனுக்குப் போட்டார்கள். தாடை இல்லாததால் சோறு இறங்காது. ரசமும் பாயசமும் மட்டும் உறிஞ்சும். உறிஞ்சிவிட்டு, "உப்பு பத்தல, எங்க காலத்துல கடலே இதைவிட உப்பா இருக்கும்" என்று குறை சொல்லும். வாளி வாளியாகச் சுரந்த கோழையை முதலில் கொல்லையில் கொட்டினார்கள், பிறகு யாரோ ஒருத்தி தலைக்குத் தேய்த்துக் குளித்துப் பார்த்தாள், அதற்குப் பிறகு வாளிக்குச் சண்டை வந்தது.

எல்லாம் பாட்டனுக்குப் பேரப்பிள்ளைகள் என்றால் நெத்திலியும் வஞ்சிரமும் யார் என்ற கேள்வியை நடுப் பந்தியில் ஒருவன் கிளப்பிவிட்டான். கையில் எடுத்த துண்டை வாயில் போடுவதா, இலையில் வைப்பதா என்று தெரியாமல் ஊரே உறைந்து உட்கார்ந்திருந்தது. பாட்டன்தான் தீர்த்து வைத்தது. "பங்காளிய பங்காளி திங்கிறது புதுசாடா? நீ தின்னாட்டி அவன் ஒன்னைய தின்னுடுவான். தின்னு" என்றது. நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

பங்காளி. இந்த வார்த்தைதான் அப்புறம் எங்களைப் பிடித்து ஆட்டியது. ஒரே ஆண்வழியில் வந்தவர்கள் பங்காளிகள், பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நமக்கும் தீட்டு, பங்காளி வீட்டில் பெண் எடுக்கக்கூடாது, இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆக, பாட்டன் வந்த கொஞ்ச நாளில் கீழத்தெருவில் ஒரு எருமை செத்துப்போனபோது, முதுகெலும்பு உள்ள எருமை நமக்குப் பங்காளிதானே என்று நாட்டார் யோசித்து, ஊர் முழுக்கத் தீட்டு என்று அறிவித்துவிட்டார். கோயில் நடை சாத்தினார்கள். ஆண்கள் சவரம் செய்யவில்லை. அந்தத் தீட்டு கழிவதற்குள் ஒரு காக்கா செத்தது, அது முடிவதற்குள் ஒரு ஓணான், இப்படியே போய் ஊரில் எல்லாருக்கும் தாடி வளர்ந்து, நாங்கள் கூட்டமாக நின்றால் சாமியார் மடம் மாதிரி இருந்தது. கரையில் மீன் பங்கு பிரிக்கும்போது நாய்கள் வந்து வரிசையில் உட்கார்ந்தன. முன்பெல்லாம் விரட்டுவோம், இப்போது என்ன சொல்லி விரட்டுவது? ஆளுக்கொரு பங்கு வைத்தோம். வாங்கிக்கொண்டு, மனசு குளிராத முகத்தோடு போயின, சொந்தக்காரர்கள் போவது போலவேதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆவணியில் என் மகன் இளவழகனுக்கும் என் தங்கை மகள் நிரோஷாவுக்கும் கல்யாணம் வைத்திருந்தோம்.

நிரோஷா என் தங்கை தில்லைநாயகிக்கு ஒரே பெண். தங்கையை வாழக் கொடுத்தது கீழத்தெருவில். மேலத்தெரு ஒரு வகையறா, கீழத்தெரு ஒரு வகையறா, காலங்காலமாக நாங்கள் அவர்களுக்குப் பெண் கொடுப்போம், அவர்களிடம் பெண் எடுப்போம். நிரோஷா பேருந்து நிலையத்துக்கு எதிரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். ஊரில் யார் யாருக்கு என்ன மெசேஜ் அனுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும் என்பதால் அவளிடம் எல்லாருக்கும் பயம் கலந்த மரியாதை. இளவழகன் என் படகிலேயே டிரைவர், அவளைத் தவிர வேறு யாருக்கும் பயப்படாதவன். அவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்து. வயசுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியது நான். படகு ஊரில் யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், நிரோஷாவுக்குத் தாய்மாமன் என்றால் அது நான் ஒருவன்தான். அந்தக் கல்யாணத்தில் தோளில் பட்டுத்துண்டு போட்டுக்கொண்டு தாய்மாமனாக நிற்பதற்காகத்தான் நான் பிறந்ததிலிருந்து மீன் பிடித்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

நாட்டார் ஊர்க்கூட்டம் போட்டார். தாடியை நீவிக்கொண்டே சொன்னார்: "பாட்டன் ஒண்ணுன்னா வகையறா ஒண்ணு. இனிமே ஆலாத்துறையில மாமன், மச்சான், கொழுந்தியா ஒண்ணும் கெடையாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, சித்தப்பன் பெரியப்பன், அவ்வளவுதான். இளவழகனும் நிரோஷாவும் அண்ணன் தங்கச்சி ஆவுறாங்க. கல்யாணம் நடக்காது."

"ஏற்கெனவே கட்டிக்கிட்டவங்க என்ன பண்றது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தெரியாம நடந்துபோச்சு. போவட்டும்."

அவர் போகட்டும் என்றாலும் அது போகவில்லை. அன்று சாயங்காலமே அவர் மனைவி நாகவல்லி காபி டம்ளரை அவர்முன் வைத்துவிட்டு, "இந்தாங்கண்ணே" என்றாள். ஊரில் பாதிப் புருஷன்மார்கள் படகிலேயே படுத்துக்கொண்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "நிரோஷாவுக்கு நான் தாய்மாமன் இல்லன்னா வேற யாரு?" என்று கூட்டத்திலேயே எழுந்து கேட்டேன்.

"பெரியப்பன்" என்றார் நாட்டார்.

பெரியப்பன் என்பவன் யார்? கல்யாணத்தில் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவன். சாம்பார் வாளி எங்கே என்று கத்துகிறவன். எனக்கு அழுகை வந்தது, அதைக் கோபம் என்று நினைத்து நாலு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ரெண்டு பேருமாகச் சென்னைக்குப் போய்விடலாம் என்று இளவழகன் சொல்லிப் பார்த்தான். "திருட்டுப் போனைத் தூக்கிக்கிட்டு ஓடுறவன் மாதிரி நான் ஏன் ஓடணும்?" என்றாள் நிரோஷா. "ஊரு முன்னாடி, மணையில உக்காந்துதான் தாலி கட்டிக்குவேன். மாமா, நீங்க ஏதாச்சும் பண்ணுங்க." அவள் இன்னும் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள். நாட்டார் உத்தரவை மீறி அப்படிக் கூப்பிட்டது ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

பாட்டனை ஒரு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, நாட்டாரையும் தங்கையையும் மணமக்களையும் கூட்டிக்கொண்டு மீன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டு டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாட்டன்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. இந்த மீன் நமக்கு நேர் பாட்டன் இல்ல. நம்ம பாட்டன் ஒருத்தர் அந்தக் காலத்துல இருந்தாரு, அவரோட ஒண்ணுவிட்ட தம்பி வழின்னு வேணா சொல்லலாமுங்க."

நான் நாட்டாரைப் பார்த்தேன். நாட்டார் கண்ணை மூடி யோசித்தார். "ஒண்ணுவிட்ட தம்பின்னா சின்னப் பாட்டன் ஆச்சு. சின்னப் பாட்டன் வழியும் பங்காளிதான். முன்னைக்கு இப்ப கெட்டியாப்போச்சு."

"சின்னப் பாட்டனா?" என்று வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது. மனசு கஷ்டப்பட்டுப் பாட்டன் தன்னை இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டது.

எனக்கு வேறொன்று தோன்றியது. ஆண்வழி வந்தால்தானே பங்காளி? "டாக்டரம்மா, இது ஆணா பொண்ணா? பொண்ணா இருந்துட்டா இந்தச் சிக்கலே இல்ல."

"இந்த வகையில சின்ன வயசுல ரெண்டும் சேர்ந்தே இருக்குமுங்க. அப்புறமாத்தான் ஒரு பக்கம் போகும். இது எந்தப் பக்கம் போச்சுன்னு அறுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

பாட்டனையே கேட்டோம். "அப்பல்லாம் யாரும் அதைப் பார்க்கிறதில்ல" என்றது. அதற்கு மேல் கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

தில்லைநாயகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம் பொண்ணுக்குன்னு ஒரு மாமன்கூட இல்லாம போச்சே" என்று ஒப்பாரி வைத்தாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கூடப் பிறந்தவளே என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்து மாமன் இல்லை என்று அழுகிறாள்.

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மேசையிலிருந்த குடுவை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கையின் பக்கத்தில் குந்தினார். "அழாதீங்கக்கா. நமக்கு இந்த மீன் மட்டும் சொந்தமில்ல. நம்ம உடம்புல இருக்கிற ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் பழைய காலத்துக் கடல் பாக்டீரியா ஒண்ணு குடியிருக்குது. அதுதான் நமக்குத் தெம்பு கொடுக்குது. அது நம்ம வம்சமே இல்லீங்க, எங்கிருந்தோ வெளியிலிருந்து வந்து, உள்ளே நுழைஞ்சு, நம்மளோட ஒண்ணாப்போச்சு. அப்பாகிட்டயிருந்து அது வராது. அம்மா வழியா மட்டும்தான் பிள்ளைக்கு வரும்."

தங்கையின் அழுகை சட்டென்று நின்றது. நாட்டார் எழுந்து நின்றார்.

"வேற வம்சம்" என்றார்.

"ஆமாங்க."

"வெளியிலிருந்து நம்ம வூட்டுக்குள்ள வாழ வந்தது."

"அப்படியும் சொல்லலாமுங்க."

"அம்மா வழிச் சொந்தம்."

"அம்மா வழி மட்டும்தானுங்க."

"அப்ப இது மாமன் வூடு!" என்று நாட்டார் குடுவையைக் காட்டிக் கத்தினார். தாடிக்குள் அவர் பல் தெரிந்ததே எருமை செத்ததற்குப் பிறகு அன்றுதான். "முதுகெலும்பு இருக்கா இதுக்கு?"

"முதுகே இல்லீங்களே."

"பாட்டனுக்குப் பங்காளி இல்ல. சுத்தமான மாமன்!"

டாக்டரம்மா பதறிப்போனார். உடம்புக்குள் இருப்பது வேறு குடும்பம், குடுவையில் இருப்பது வேறு குடும்பம், இரண்டும் பாக்டீரியா என்பதைத் தவிர நெருக்கமான உறவில்லை என்று விரல்விட்டு விளக்கினார். "தூரத்து மாமன்னு சொல்லுறீங்க" என்றார் நாட்டார். "பக்கத்து மாமன் உள்ள இருக்காரு, கூப்புட்டா வர முடியாது. தூரத்து மாமன் வந்து நடத்திக் குடுக்கட்டும்."

தீர்ப்பு இப்படி ஆயிற்று. எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணப்பெண் பந்தல் வாசலிலிருந்து மணை வரைக்கும் மண்ணை மிதிக்கக் கூடாது, தாய்மாமன்தான் தூக்கிவந்து உட்கார வைக்க வேண்டும். மாமன் கைபட்டுத் தூக்கிவிட்டால் அவள் மாமன் வீட்டுப் பெண். நிரோஷா குடுவை வீட்டுப் பெண்ணாக மணையேறட்டும், இளவழகன் பாட்டன் வீட்டு மாப்பிள்ளையாகத் தாலி கட்டட்டும், முறை சுத்தமாகிவிடும். தாய்மாமனுக்குரிய மாலை, பட்டுத்துண்டு, சந்தனம் எல்லாம் குடுவைக்கு.

"நான்?" என்று கேட்டேன்.

"நீ பந்தியைப் பாத்துக்க அஞ்சப்பா" என்றார் நாட்டார், ஆறுதலாகத்தான் சொன்னார்.

கல்யாணம் நடக்கப்போகிறது என்று எல்லாரும் சிரித்துக்கொண்டு வெளியே போனார்கள். நானும் சிரித்தேன். பிள்ளைகள் சேர்ந்தால் போதும், மாமன் பட்டம் கிருமிக்குப் போனால் போகட்டும் என்று கடலைப் பார்த்து நூறு தரம் சொல்லிக்கொண்டேன். ஒரு தரம்கூட மனசு கேட்கவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் தம்பியிடம் தோற்றிருக்கிறார்கள், மருமகனிடம் தோற்றிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடம் தோற்றவன் நான் ஒருவன்தான் என்று நினைக்க நினைக்க எரிந்தது. வாங்கி வைத்திருந்த பட்டுத்துண்டைக் கொண்டுபோய்க் குடுவைக்கு நானே அளவு பார்க்க வேண்டியிருந்தது. நாலு சுற்று சுற்றியும் மிச்சம் தொங்கியது.

முகூர்த்தம் விடியற்காலையில். வெளிச்சம் வராத நேரம், வாழைமரம் கட்டிய பந்தல், நாதஸ்வரம், பெரிய கூட்டம். கல்யாணத்துக்காகத் தீட்டுக் கழித்து எல்லாரும் தாடியை எடுத்திருந்தார்கள், அதனால் சில பேரை அடையாளம் தெரியவில்லை. முதல் வரிசையில் ஈரக் கோணியில் பாட்டன் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக உட்கார்ந்து, சம்பந்தி வீட்டார் இன்னும் வந்து ஒரு வார்த்தை வாங்க என்று சொல்லவில்லையே என்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. சம்பந்தியான குடுவை டாக்டரம்மா கையில், பட்டுத்துண்டும் ரோஜா மாலையுமாகக் காரில் வந்து இறங்கியது. கூட்டம் சேர்ந்துவிட்ட பாக்டீரியா. நீலமாக ஒளிர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், என்னைவிட அதற்கு அந்த மாலை எடுப்பாக இருந்தது.

நிரோஷாவை அலங்கரித்துப் பந்தல் வாசலுக்குக் கூட்டிவந்து ஒரு முக்காலியில் நிற்க வைத்தார்கள். நான் சாம்பார் வாளியோடு ஓரத்தில் நின்றேன். நாட்டார் குடுவையை வாங்கி அவள் கையில் கொடுத்து, "மாமனைப் புடிச்சிக்கிட்டே நடந்து வாம்மா. மாமன் கூட்டியாந்ததா கணக்கு" என்றார்.

நிரோஷா குடுவையைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமன் தூக்கித்தான் கொண்டுபோவணும்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"மண்ணை மிதிக்கக் கூடாது?"

"கூடாதும்மா."

"அப்ப தூக்கச் சொல்லுங்க" என்று குடுவையை அவர் பக்கம் நீட்டினாள்.

நாட்டாருக்கு வியர்த்தது. டாக்டரம்மா பக்கம் திரும்பி, அது தூக்குமா என்று மெதுவாகக் கேட்டார். ஒரு மில்லிகிராம்கூடத் தூக்காது என்றார் அவர். நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஐயர் முகூர்த்தம் போகிறது என்று மணையிலிருந்து கத்தினார். இளவழகன் எழுந்து வந்து தானே தூக்குவதாகச் சொன்னான், மாப்பிள்ளை தூக்கினால் கதையே வேறு என்று நாலு பேர் அவனை இழுத்து உட்கார வைத்தார்கள். யார் தூக்கினாலும் பங்காளி கை, பங்காளி கை பட்டால் அவள் பங்காளி வீட்டுப் பெண், அதற்கப்புறம் தாலி ஏறாது. பாட்டன், "எங்க காலத்துல யாருக்கும் காலே கெடையாது, அதனால இந்தப் பிரச்சினையும் கெடையாது" என்றது. கடல் பக்கம் வானம் வெளுக்கத் தொடங்கியது.

நிரோஷா என்னைப் பார்த்தாள். ஊரையே வாயடைக்க வைக்கும் பெண், மாமா என்றுகூடக் கூப்பிடவில்லை. நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். நேரே போய் அவள் கையிலிருந்த குடுவையை வாங்கி, மாலையைக் கழற்றி, துண்டை அவிழ்த்து, பஞ்சு அடைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரே மூச்சில் குடித்தேன்.

"ஐயோ, என் ஆராய்ச்சி!" என்று டாக்டரம்மா அலறினார். அப்புறம், "இன்னும் பத்துக் குடுவை இருக்குது, பரவாயில்ல" என்றார். அப்புறம்தான் நினைவு வந்து, "ஐயோ, அஞ்சப்பண்ணா!" என்றார்.

உப்பாக, பழைய சோற்று நீராகாரம் கொஞ்சம் புளித்துப்போன மாதிரி இருந்தது. ஏப்பம் வந்தது. ஏப்பத்தோடு என் வாயிலிருந்து நீல வெளிச்சம் வந்தது. அது நெஞ்சில் இறங்கி, வயிற்றில் நின்று, சட்டைக்கு மேலே பெட்ரோமாக்ஸ் மாதிரி தெரிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது.

"நாட்டாரே, மாமன் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

நாட்டார் என் வயிற்றுக்கு முன்னால் குனிந்து, நன்றாக உற்றுப் பார்த்து, ஒரு விரலால் தட்டிக்கூடப் பார்த்தார். நிமிர்ந்து ஊருக்குச் சொன்னார்: "மாமன் உள்ள இருக்காரு. முன்ன கண்ணாடிக் குடுவையில வந்தாரு, இப்ப அஞ்சப்பன்ல வந்திருக்காரு. கண்ணாடிக்கு என்ன முறை பாத்தோம்? அஞ்சப்பனுக்கும் ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல. தூக்கச் சொல்லு!"

மேளம் கொட்டியது. யாரோ என் தோளில் பட்டுத்துண்டைப் போட்டார்கள். நாட்டார் மனைவி நாகவல்லி சந்தனத்தை என் வயிற்றில் பூசிவிட்டு, புருஷனைப் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் நகருங்க" என்றாள். அந்த 'ஏங்க' காதில் விழுந்ததும் நாட்டார் முகம் என் வயிற்றைவிடப் பிரகாசமானது. நான் குனிந்து நிரோஷாவை இரண்டு கையாலும் தூக்கினேன். முழங்கால் இரண்டும் சடசடவென்று சொடுக்கின, இடுப்பில் ஏதோ இடம் மாறியது. பந்தல் வாசலிலிருந்து மணைவரைக்கும் இருந்த தூரம் அன்றைக்கென்று நீண்டுகொண்டே போனது. மூச்சு வாங்க வாங்க வெளிச்சம் கூடியது. அவள் முகத்தில், நகையில், வழியில் நின்றவர்கள் முகத்தில் எல்லாம் நீலம் அடித்தது.

"ரொம்பக் கனமா இருக்கேனா மாமா?" என்று காதுக்குள் கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்? ஒன் மாமனுல்ல தூக்குறாரு. நான் வெறும் குடுவைதானே" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். பட்டுத்துண்டு நனைந்தது. மணைக்குப் பக்கத்தில் வந்ததும் இறக்கு இறக்கு என்று ஐயர் கத்தினார், இளவழகன் கையில் தாலியோடு காத்திருந்தான், பொழுது விடிந்துகொண்டிருந்தது. நான் அவளை உடனே இறக்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றி வந்துதான் இறக்கினேன்.